நுங்கம்பாக்கத்தில் அளந்த நட்சத்திர வெளிச்சம்

"மலருக்கு ஏதாவது எழுதுங்க, ஆனா ஹாஸ்டல் மெஸ் கதை மட்டும் வேண்டாம்" என்று ஆசிரியர் குழுவினர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பௌதிகம் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்து, புதுவாயலில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கும் நான் வேறு எதை எழுத? வகுப்பில் நாம் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய ஓர் எண்ணைப் பற்றி எழுதுகிறேன். 2.512. நினைவிருக்கிறதா?

பழங்கால கிரேக்கர்கள் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை ஆறு தரமாகப் பிரித்து வைத்தார்கள். மிகப் பிரகாசமானவை முதல் தரம். கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிபவை ஆறாம் தரம். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ நூறு மடங்கு வித்தியாசம் என்பது 19ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. 1856-ல் ஆக்ஸ்போர்டில் உதவியாளராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன், ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் 2.512 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அதை ஐந்து முறை பெருக்கினால் சரியாக நூறு. கணக்குப் போட சௌகரியம், அவ்வளவுதான் காரணம். உலகமே அதை ஏற்றுக்கொண்டது.

இதுவரை பாடப்புத்தகத்தில் உண்டு. அந்தப் போக்சன் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவராகி, 1891-ல் இங்கேயே இறந்தார் என்பதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முப்பது வருஷம்! புதுவாயலிலிருந்து பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் இடம். கும்பெனி காலத்தில், 1792-ல் அங்கே கட்டப்பட்ட ஆய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

வந்து இறங்கிய சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு "ஆசியா" என்று பெயர் வைத்தார். ஆனால் அவருடைய உண்மையான பித்து, வெளிச்சம் ஏறி இறங்கும் நட்சத்திரங்கள். அப்போது அதை அளக்க மின்சாரக் கருவி கிடையாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்து, "இந்தப் பக்கத்து நட்சத்திரத்தைவிட மங்கல், அந்த நட்சத்திரத்தைவிட பிரகாசம்" என்று ஒப்பிட்டு, இடைப்பட்ட தரத்தைக் குறிக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் கையாலேயே எடையை மதிப்பிடுவதைப் போல. பழகிய கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு தரம் வரை பிடிபடும்.

1863 மே மாதம் விருச்சிகத்தில் ஒரு புது நட்சத்திரத்தைப் பார்த்தார். சில நாட்களில் மங்கி மறைந்துவிட்டது. அவரும் குறித்து வைத்தார். அதோடு சரி. 1940-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய புகைப்படத் தகடுகளைத் துழாவியபோதுதான், அதே நட்சத்திரம் 1906-லும் 1936-லும் வெடித்திருப்பது தெரிந்தது. 'யூ ஸ்கார்ப்பி' என்று பெயர். ஒரு வெள்ளைக் குறுமீன் பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து இழுத்துச் சேர்த்து, ஒரு கட்டத்தில் வெடித்து, பத்தாயிரம் மடங்குக்கு மேல் பிரகாசமாகிறது. பிறகு பழையபடி சேர்க்கத் தொடங்குகிறது. 1999, 2010, 2022 என்று சுமார் பத்து வருஷத்துக்கு ஒருமுறை. இந்தக் கணக்கின் முதல் வரி நுங்கம்பாக்கத்தில் எழுதப்பட்டது. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் 1863-ஐ இனி யாரும் போய் அளக்க முடியாதே!

போக்சனோடு இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இளம் வயதிலேயே ஆய்வகத்தில் சேர்ந்து, படிப்படியாக முதல் உதவியாளர் ஆனவர். 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற நட்சத்திரத்தின் வெளிச்சம் மாறுவதைக் கண்டுபிடித்தார். அது ஏறி இறங்கி மீண்டும் ஏற ஏறத்தாழ 278 நாள் ஆகும். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரான முதல் இந்தியர் அவர்தான். பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்த்த வானத்தோடு சரிபார்க்க வேண்டும் என்று திருக்கணிதத்துக்காக வாதாடியவரும் அவரே. 1880-ல் காலமானார். ரமண மகரிஷியைத் தெரியும், சர் சி.வி. ராமனைத் தெரியும், இவரை நமக்குத் தெரியாது. என் அபிப்பிராயத்தில் இது நியாயமில்லை.

போக்சனின் மாறுமீன் அளவீடுகளும் அவர் உயிரோடிருந்தவரை முழுமையாக அச்சேறவில்லை. 31 நட்சத்திரங்களின் அளவீடுகள் 1908-ல்தான் லண்டனில் வெளியாயின.

பிறகு கதை மலையேறியது. 1899-ல் கொடைக்கானல், 1968-லிருந்து ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர். கண்ணின் இடத்தை ஒளிமின் குழாய் பிடித்தது, அப்புறம் சிசிடி வந்தது. அளக்கும் பொருளும் மாறிப்போனது. பல்லி விண்மீன் கூட்டத்தில் 1929-ல் ஒரு மாறும் நட்சத்திரம் என்று பதிவான ஒன்று, 1968-க்குப் பிறகு நட்சத்திரமே அல்ல, தொலைதூர கேலக்ஸியின் கொதிக்கும் மையம் என்று தெரியவந்தது. இத்தகைய மையங்களில் சில ஒரே நாளில் மங்கிப் பிரகாசிக்கின்றன. ஒளி ஒரு நாளில் போவது சுமார் 2,600 கோடி கிலோமீட்டர். அப்படியானால் அந்த வெளிச்சம் வரும் இடம் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கியிருக்க வேண்டும்; நம் சூரிய மண்டலத்தைப் போல மூன்று மடங்குதான். அங்கிருந்து மொத்த கேலக்ஸியையும் மிஞ்சும் ஒளி! பெரும் கருந்துளை என்ற முடிவுக்கு வர இந்த எளிய கணக்கும் ஒரு காரணம். அந்த அளவுகளும் போக்சனின் தரத்தில்தான் குறிக்கப்படுகின்றன.

ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் ஜனவரி இரவுகளில் நம் பக்கம் தெற்கு அடிவானத்துக்கு மேல் பதினான்கு பாகையில்தான் வரும். புதுவாயலில் தெற்கே பார்த்தால் சென்னையின் வெளிச்சம். வடக்கே திரும்பினால் தொழிற்பேட்டை விளக்கு. அதை நான் பார்த்ததே இல்லை. விருச்சிகம் பரவாயில்லை, ஜூன் மாதம் மொட்டை மாடியிலிருந்து நன்றாகத் தெரிகிறது. 'யூ ஸ்கார்ப்பி' அடுத்து 2030-களின் தொடக்கத்தில் வெடிக்கலாம். வெறும் கண்ணுக்கு எட்டாது, பைனாகுலர் வேண்டும். அதுவும் உடனே பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு நாளில் மங்கிவிடும்.