தங்கிடமும் பகலிடமும்: மனச்சோர்வுச் சிகிச்சையின் வரலாற்றில் ஓஷெராஃப் வழக்கு

முற்றிய மனச்சோர்வு உள்ளவரை எங்கே வைத்துக் குணப்படுத்துவது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பெரும்பாலும் இரண்டே விடைகள் இருந்தன. ஒன்று மருத்துவமனைப் படுக்கை, மற்றது வீடு. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மருத்துவமனை, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் நடக்கும் தீவிரப் புறநோயாளர் சிகிச்சை ஆகிய இடைப்பட்ட வடிவங்கள் 1930கள் முதலே உருவாயின. மனச்சோர்வுச் சிகிச்சை அமெரிக்காவில் அடைந்த மாற்றத்தைப் பேசுவோர் பலரும் மனநல மருத்துவர் ஜெரால்டு கிளெர்மன் 1990இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் எழுதிய கட்டுரையையே வாசலாகக் கொள்கின்றனர். மருந்தின்றிப் பேச்சு வழியே மட்டும் தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனை மீது நோயாளி ஒருவர் தொடுத்த ஓஷெராஃப் வழக்கை, மருந்துக்கும் பேச்சுக்கும் இடையிலான போட்டியாக வாசித்தது அக்கட்டுரை. எதைக் கொடுத்தார்கள் என்பது ஓர் இழை; எங்கே வைத்துக் கொடுத்தார்கள், யார் எப்போது சரிபார்த்தார்கள் என்பது வேறோர் இழை. கிளெர்மனின் வாசிப்பில் இரண்டாவது இழை முதலாவதற்குள் மறைந்துவிட்டது.

பகல்நேர மருத்துவமனையின் பிறப்பில் தத்துவத்தைவிடத் தட்டுப்பாட்டுக்கே பங்கு அதிகம். 1933இல் மாஸ்கோவில் எம். ஏ. ஜகாரோவ் தொடங்கிய பகல் பிரிவு, படுக்கைகள் போதாமையால் வந்தது. அவர் 1937இல் ரஷ்ய மொழியில் எழுதிய அறிக்கை மேற்கில் பரவலாகத் தெரியவர, ஜோசப் வோர்ட்டிஸ் சோவியத் மனநல மருத்துவம் பற்றி 1950இல் வெளியிட்ட நூல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் மேற்குலகம் அதே வடிவத்தை இன்னொரு முறை கண்டுபிடித்திருந்தது. மான்ட்ரியலில், கப்பல் அதிபர் ஹியூ ஆலனின் மாளிகையில் அமைந்த ஆலன் நினைவு நிறுவனத்தில் இவன் கேமரன் 1946இல் பகல்நேரப் பிரிவைத் தொடங்கினார். அதே காலத்தில் லண்டனில் யோஷுவா பீரர் சமூக உளச்சிகிச்சை மையம் ஒன்றை நிறுவினார்.

யார் முந்தியவர் என்ற வழக்கமான சர்ச்சைக்கு இந்த ஆண்டுகள் முடிவு தருவதில்லை. லண்டன் மையத்துக்குச் சிலர் 1946 என்றும் சிலர் 1948 என்றும் எழுதுகின்றனர். மையம் பின்னாளில் மார்ல்பரோ பகல்நேர மருத்துவமனை என்று பெயர் மாறியதால், எந்தப் பெயர் வந்த நாளைத் தொடக்கமாகக் கொள்வது என்பதிலேயே குழப்பம் ஊடுருவியிருக்கலாம். ஆண்டைவிடப் பெயரே இங்கு அதிகம் சொல்கிறது. கேமரனுக்கு அது ‘மருத்துவமனை’. வார்டில் கொடுத்த மின்அதிர்வும் இன்சுலினும் உளச்சிகிச்சையும் அங்கும் உண்டு. இரவுப் படுக்கை மட்டும் இல்லை. உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரின் வழிவந்தவரும், ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்தவருமான பீரருக்கு அது நோயாளிகளே நடத்தும் மன்றங்களின் நீட்சி. மனநல மருத்துவமனை என்ற அமைப்புக்கே மாற்று. ஒருவர் இடத்தை மட்டும் மாற்றினார். மற்றவர் சிகிச்சையையும் சேர்த்து மாற்ற விரும்பினார். இடமும் சிகிச்சையும் பிரிக்கக்கூடியவை என்பதற்குக் கேமரனின் பிரிவே முதல் தெளிவான சான்று. 1950களின் பிற்பகுதியில் அதே நிறுவனத்தில் சிஐஏ நிதி கலந்த கொடிய சோதனைகளை நடத்தியவர் என்பதால் அவர் பெயரைச் சொல்லவே வரலாற்றாசிரியர்கள் கூசுவது இயல்பு. ஆனால் அந்தக் கூச்சத்தில் இந்தச் சான்றும் மறக்கப்பட்டது.

பகலிடத்துக்கு மறுமுனையில், நோயாளி தங்கியே சிகிச்சை பெறும் தங்கிடமாக நின்றது மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் நகரிலிருந்த செஸ்ட்நட் லாட்ஜ். பழைய விடுதி ஒன்றை வாங்கி எர்னஸ்ட் புல்லார்டு 1910இல் திறந்த இம்மருத்துவமனை, 1935இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் வந்த பிறகு உளப்பகுப்பாய்வின் கோட்டையாயிற்று. மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் நோயாளி அங்கே தங்குவார். காலவரையறை இல்லாமை அங்கு குறையாகக் கருதப்படவில்லை. சிகிச்சையின் உட்பொருளே அதுதான்.

ரஃபேல் ஓஷெராஃப் சிறுநீரக மருத்துவர். 1979 ஜனவரியில், 42ஆம் வயதில், லாட்ஜில் சேர்ந்தார். அதற்கு முன் புறநோயாளியாக மனநல மருத்துவர் நேதன் கிளைனிடம் ட்ரைசைக்ளிக் வகை மனச்சோர்வு எதிர்ப்பு மருந்து பெற்று ஓரளவு தேறியவர். தாமாகவே அளவைக் குறைத்து மீண்டும் சரிந்தவர். லாட்ஜில் வாரம் நான்கு முறை தனி உளச்சிகிச்சை நடந்தது. மனச்சோர்வு எதிர்ப்பு மருந்து தரப்படவில்லை. ஏழு மாதங்களில் 40 பவுண்டு எடை குறைந்தது. தூக்கம் போயிற்று. குடும்பத்தினர் அவரைக் கனெக்டிகட் மாநிலத்தின் சில்வர் ஹில் மருத்துவமனைக்கு மாற்றினர். அங்கே ட்ரைசைக்ளிக்கும் ஃபீனோதயசீன் வகை மனநோய் எதிர்ப்பு மருந்தும் தொடங்கிய மூன்று வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதங்களுக்குள் வீடு திரும்பினார். 1982இல் லாட்ஜ் மீது வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு அவர் பக்கம் நின்றது. அதன்பின் 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. ஆகவே பிற வழக்குகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு என்று எதுவும் இல்லை. கிளெர்மனின் கட்டுரை இவ்வளவு எடை பெற்றதற்கு இந்த வெற்றிடமே பாதிக் காரணம். நீதிமன்றம் எழுதாத தீர்ப்பை ஓர் ஆய்விதழ் எழுதிவிட்டது.

கிளெர்மன் சொன்னது என்ன? நோயாளிக்குப் பலன் நிறுவப்பட்ட சிகிச்சையைப் பெறும் உரிமை உண்டு. கட்டுப்பாட்டுச் சோதனைகளின் ஆதரவு மருந்துக்கு இருந்தது, லாட்ஜின் முறைக்கு இல்லை. மாற்றுவழிகளை மருத்துவர் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். இவ்வழக்கில் அவர் ஓஷெராஃப் தரப்பு நிபுணர் என்பதை மறைக்கவும் இல்லை. பேச்சு மருத்துவத்தின் எதிரி என்று அவரைச் சித்திரிப்பதும் தவறு. மிர்னா வைஸ்மனோடு சேர்ந்து, உறவுகளை மையமாகக் கொண்ட குறுகியகால உளச்சிகிச்சையை வடிவமைத்தவர் அவரே. அதே இதழில் மறுப்பு எழுதிய ஆலன் ஸ்டோன், ஒரு பள்ளியின் அறிவியலைச் சட்டத்தின் அளவுகோலாக்கும் முயற்சி இது என்று எதிர்த்தார். ஸ்டோனும் சண்டையின் எல்லையைக் கிளெர்மன் வகுத்தபடியே ஏற்றுக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. இருவருக்கும் கேள்வி ஒன்றே: எந்தச் சிகிச்சை?

கிளெர்மன் தரும் நோய் வரலாற்றிலேயே இந்த எல்லையை மீறும் விவரம் ஒன்று உண்டு. ஓஷெராஃப் ஓயாமல் நடந்துகொண்டேயிருந்தார். பாதங்கள் வீங்கிக் கொப்புளம் கண்டு, அவற்றுக்கு மருத்துவம் தேவைப்பட்டது. கிளெர்மனுக்கு இது கிளர்ச்சி நிலையின் அறிகுறி. நோயறிதலுக்கு வலுச்சேர்க்கும் ஒரு சான்று. அதைக் கடந்து அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். ஆனால் தங்கிடத்தின் வரலாற்றுக்கு இதைவிடப் பொருள் பொதிந்த விவரம் அந்தக் கட்டுரையில் இல்லை. தங்கிச் சிகிச்சை பெறுவதன் மிகப் பெரிய நியாயமாகச் சொல்லப்படுவது இருபத்துநான்கு மணி நேரக் கண்காணிப்பு. லாட்ஜில் அது இருந்தது. நடையைக் கண்டார்கள், எடை குறைவதைக் கண்டார்கள், கால்களையும் கண்டார்கள். கண்டது எதுவும் சிகிச்சைத் திட்டத்தை அசைக்கவில்லை. பார்ப்பவர்களுக்கும் முடிவெடுப்பவர்களுக்கும் நடுவே வழி அடைபட்டிருந்தது. மருந்தில்லாமை அந்த அடைப்பின் விளைவுகளில் ஒன்று என்று கொள்வதே பொருத்தம்.

மருத்துவக் குழு கூடி அவருடைய சிகிச்சையை மறுபரிசீலனை செய்ததும் உள்ளிருந்து எழுந்த தேவையால் அல்ல. முன்னேற்றம் இல்லையே என்று கவலைப்பட்ட குடும்பத்தினர் வெளி மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்ட பிறகே அது நடந்தது. கூடிய குழு, பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. பின்னர் இடத்தை மாற்றியவர்களும் குடும்பத்தினரே. ஆக, வழக்கின் இரண்டு திருப்பங்களும் வீட்டின் கண்ணிலிருந்து வந்தவை. பகல்நேர மருத்துவமனையில் இந்தக் கண் ஒவ்வொரு மாலையும் வேலை செய்கிறது. இரவில் தூங்கினாரா, சாப்பிட்டாரா, செருப்பு போட முடிகிறதா என்பது மறுநாள் காலை மருத்துவமனைக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதிலிருந்து, ஓஷெராஃப் ஒரு பகல் பிரிவில் இருந்திருந்தால் தப்பித்திருப்பார் என்று வாதிட ஆசை எழுவது இயற்கை. அந்த அளவுக்குச் சான்று இடம் தராது. அவ்வளவு கடுமையான நிலையில் எந்தப் பகல் பிரிவும் அவரைச் சேர்த்திருக்குமா என்பதே ஐயம். அவர் தேறிய சில்வர் ஹில்லும் தங்கிடமே. எனவே தங்கிடம் தோற்றது என்ற முடிவுக்கும் இவ்வழக்கு உதவாது. மருந்து வென்றது என்ற கிளெர்மனின் முடிவு சரியாகவே இருக்கலாம்; முன்பு கிளைனிடம் கிடைத்த பலனும் அதையே சுட்டுகிறது. ஆனால் மருந்து, மருத்துவர், இடம், வரையறுத்த காலம் ஆகிய நான்கும் ஒரே நாளில் மாறிய ஒரு நிகழ்விலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வெற்றிமாலை சூட்டுவது, கட்டுப்பாட்டுச் சோதனையின் பெயரால் வாதிட்டவர் செய்யத் தக்கதன்று.

இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனையும் அதே 1990இல் வெளிவந்தது. மான்செஸ்டரில் ஃபிரான்சிஸ் கிரீடும் குழுவினரும், சேர்க்கை தேவைப்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வார்டுக்கும் பகல் பிரிவுக்கும் அனுப்பி ஒப்பிட்டனர். சேர்க்கைக்கு வருவோரில் ஒரு பகுதியினரைப் பகல் பிரிவிலேயே நன்கு கவனிக்க முடியும் என்று அதில் தெரிந்தது, எல்லோரையும் அல்ல. 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஐந்து நாடுகளில் 1,117 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. நோய்க்குறிகள் தணிவதில் இரண்டு இடங்களும் சமம். அன்றாடச் சமூக வாழ்வுக்குத் திரும்புவதில் பகல் பிரிவு ஒரு படி மேல். ஆயினும் இவை மனச்சோர்வை மட்டும் தனித்து ஆராய்ந்தவை அல்ல. மனப்பிளவு உள்ளோரும் அவற்றில் கலந்திருந்தனர்.

வீட்டின் கண்ணைத் தங்கிடத்துக்குள்ளேயே கொண்டுவந்த வடிவம் இந்தியாவில் தனியே வளர்ந்தது. அமிர்தசரஸில் வித்யா சாகர் 1950களில் நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் அமைத்த மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவதே முறையாயிற்று. ஆள் பற்றாக்குறையிலிருந்து இவ்வழக்கம் பிறந்ததா, கொள்கையிலிருந்து பிறந்ததா என்பது மாஸ்கோவைப் பற்றிக் கேட்கும் அதே கேள்விதான்; இரண்டும் கலந்தது என்பதே நியாயமான விடை.

அமெரிக்காவில் இடைப்பட்ட வடிவங்களுக்குச் சட்டப் பெயர் கிடைத்தது 1963ஆம் ஆண்டுச் சமூக மனநல மையங்கள் சட்டத்துக்குப் பின். உள்நோயாளர், புறநோயாளர், அவசரச் சேவை, ஆலோசனையும் கல்வியும் ஆகியவற்றோடு ‘பகுதிநேர மருத்துவமனைச் சேர்க்கை’யும் ஒவ்வொரு மையத்துக்கும் கட்டாயமான ஐந்து சேவைகளில் ஒன்றாயிற்று. அரசின் மெடிகேர் காப்பீடு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மருத்துவமனைகள் நடத்தும் பகுதிநேரச் சேர்க்கையை ஏற்றது; 1990இல் சமூக மையங்களுக்கும் விரித்தது. அடுத்த பத்தாண்டில் காப்பீட்டு நிறுவனங்கள் நீண்டகாலத் தங்கலுக்குப் பணம் தர மறுக்கத் தொடங்கின. செஸ்ட்நட் லாட்ஜ் 2001இல் மூடப்பட்டது. கான்சஸ் மாநிலத்தின் டொபீகாவில் 1925இல் பிறந்த மெனிங்கர் மருத்துவமனை 2003இல் ஹூஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. லாட்ஜின் கட்டடம் 2009இல் தீக்கிரையானது. கிளெர்மனின் கட்டுரை லாட்ஜைக் கொன்றது என்று சொல்வோர், காப்பீட்டுக் கணக்கரை மறந்துவிடுகின்றனர்.

இன்று அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு இடம் தேடும் ஒருவர் சந்திக்கும் படிநிலைகள் மணிக்கணக்கில் அளக்கப்படுகின்றன. மெடிகேர் விதிப்படி, பகுதிநேரச் சேர்க்கைக்கு வாரம் குறைந்தது 20 மணி நேரச் சிகிச்சை தேவை என்றும், அது இல்லாவிட்டால் உள்நோயாளியாகச் சேர வேண்டியிருக்கும் என்றும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்றைப் பதினெட்டாம் நாளில் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் முப்பது நாளுக்கு ஒருமுறையேனும். வாரம் 9 மணி நேரத்தில் தொடங்கும் தீவிரப் புறநோயாளர் சிகிச்சை 2024 ஜனவரியில் இதே காப்பீட்டுக்குள் வந்தது. அதற்குச் சான்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பதினெட்டாம் நாள் என்ற கணக்கை ஓஷெராஃபின் கால்களை நினைத்து யாரும் எழுதவில்லை. செலவைக் கட்டுப்படுத்தவே அது எழுதப்பட்டது. லாட்ஜில் குடும்பத்தினர் வெளி மருத்துவரைத் தேடிய பிறகே நடந்த மறுபரிசீலனை, இந்த விதியில் நாள் குறித்து வந்து நிற்கிறது.