கிளைக்குள் ஓர் உழவு

சப்ரகமுவத் தேயிலை மலைகளில், கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை பட்டதுமே கிளை முறிவதுண்டு. முறிந்த இடத்தில் ஊசித்துளை தெரியும். 1868இல் ஐக்கோஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெயரிட்ட துளைவண்டின் வேலை அது. இரண்டு மில்லிமீற்றரே நீளமுள்ள பெண்வண்டு மரத்தைத் தின்பதில்லை. வாயருகுப் பையில் பூஞ்சண வித்தைச் சுமந்து வந்து துளைச்சுவரில் விதைத்து, அவ்விளைச்சலால் தன் மக்களை வளர்க்கிறது. ஆண்வண்டுக்கோ பறக்கும் ஆற்றலே இல்லை. மனிதன் ஏர்பிடிக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே இக்குலம் வேளாண்மை பயின்றுவிட்டது!

இதனை ஒழிக்க 1950களில் இலங்கைத் தோட்டங்களில் டீல்ட்ரின் தெளித்தனர். இலைசுருட்டிப் புழுவை அடக்கவென 1930களில் ஜாவாவிலிருந்து தருவித்த மக்ரோசென்ட்ரஸ் குளவி அந்நஞ்சால் மடிந்தது. அடங்கியிருந்த புழு பெருகிற்று. கொழுந்து குறைய, கூடை நிறையாதவளின் கூலியும் குறையுமன்றோ? துளைவண்டு மட்டும் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இன்றும் கிளைக்குள் பயிரிடுகிறது.