கணுவரைபுத் திருத்தியின் வரலாறு

சொற்களால் விளக்குதற்கரிய சிக்கல்களைப் படத்தால் விளக்குதல் அறிஞர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறையாகும். அத்தகைய படங்களுள் ஒருவகை, புள்ளிகளையோ பெட்டிகளையோ கோடுகளால் இணைத்துக் காட்டுவது. புள்ளியைக் கணு என்றும், கோட்டை இணைப்பு என்றும், இரண்டுஞ் சேர்ந்த முழுமையை வரைபு என்றும் வழங்குவர். இன்று இணைய மேலோடியினுள்ளேயே இவ்வரைபுகளை அமைத்து, அவற்றைக் கொண்டே கணினியை இயக்குதற்குரிய திருத்திகள் பல உள. மனிதர்க்கு விளக்கந்தர எழுந்த படம், பொறிக்குக் கட்டளையாக மாறியது எங்ஙனம்? அம்மாற்றத்தால் நாம் பெற்றது யாது? இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வரலாற்றின் தொடக்கம் ஒரு நகரத்துப் பாலங்களிலே உளது. அக்காலத்துப் பிரசியாவைச் சேர்ந்த கோனிக்ஸ்பேர்க் நகரத்தை ஊடறுத்துச் சென்ற பிரெகல் ஆற்றின்மீது ஏழு பாலங்கள் இருந்தன. எப்பாலத்தையும் இருமுறை கடவாது, ஏழினையும் கடந்து வருதல் கூடுமோ என்பது வினா. கணிதப் பேரறிஞரான ஒயிலர், அது கூடாதென்பதை 1735ஆம் ஆண்டில் சென் பீற்றர்ஸ்பேர்க் கழகத்தில் நிறுவினார். பாலங்களின் நீளமோ, நிலத்தின் பரப்போ இவ்வினாவிற்கு வேண்டியதில்லை. எந்நிலம் எந்நிலத்தோடு இணைந்துள்ளது என்பதொன்றே வேண்டுவது எனக் கண்டமையே அவருடைய பெருமை. நான்கு புள்ளிகளும் ஏழு கோடுகளும் கொண்டதாக இக்காலப் பாடநூல்களிற் காணப்படும் படத்தை அவர் வரைந்தாரல்லர். அது பின்னோர் ஆக்கம். இவ்வகை அமைப்பிற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரைச் சில்வெஸ்ரர் என்னுங் கணிதர் 1878இலேயே இட்டார்.

கணிதத்திற் பிறந்த இக்கருத்துக்கு இணையான ஒரு வழக்கம் தொழிற்சாலையிலும் தோன்றியது. 1921ஆம் ஆண்டில் அமெரிக்கரான பிராங் கில்பிரெத்தும் அவர் மனைவியார் லிலியன் கில்பிரெத்தும், ஒரு வேலையின் படிகளை முறையே காட்டும் படங்களைப் பொறியியலாளர் சங்கமொன்றின் முன் எடுத்துரைத்தனர். கணினி தோன்றிய காலத்தில், பிரின்ஸ்ரன் நகரிற் பணியாற்றிய கோல்ட்ஸ்ரைனும் வொன் நியூமனும் 1947இலும் 1948இலும் வெளியிட்ட அறிக்கைகளிற் பாய்ச்சற்கோட்டுப் படங்களை விரிவாகப் பயன்படுத்தினர். ஆயினும் அப்படங்கள் மனிதர் பார்த்தற்கு மாத்திரம் உரியனவாயிருந்தன. படத்தைக் கண்டு மனிதர் ஒருவரே கட்டளைகளை எழுதல் வேண்டும். படமொன்று கூறக் கட்டளை வேறொன்று கூறினும் கணினி அதனை அறியாது.

இவ்விடைவெளியை நீக்க முயன்றோருட் குறிப்பிடத்தக்கவர் சதர்லாந்து சகோதரர் இருவர். இளையவரான ஐவன் சதர்லாந்து, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1963இல் அளித்த ஆய்விற் கணினித் திரையின்மேல் ஒளிப்பேனாவாற் படம் வரையும் முறையைக் காட்டினார். மூத்தவரான வில்லியம் சதர்லாந்து 1966இல் அதே நிறுவனத்தில் அளித்த ஆய்வு, மேலும் ஒருபடி சென்றது. திரையில் வரைந்த படத்தையே செய்நிரலாகக் கொண்டு கணினி இயங்கலாமென அவர் காட்டினார். படம் கட்டளையாக மாறிய வரலாற்றில் இதனை ஒரு திருப்பம் எனலாம்.

அக்காலத்துக் கணினிகள் ஆய்வுகூடங்களில் அடங்கியிருந்தமையால் இம்முறை பலர் கைக்கு எட்டவில்லை. 1986இல் வெளிவந்த லாப்வியூ என்னும் மென்பொருள், அளவைக் கருவிகளோடு பழகும் பொறியியலாளரிடம் இதனைச் சேர்த்தது. மின்கம்பிகளை இணைப்பார் போலக் கணுக்களை அவர்கள் இணைத்தனர். ஒரு கணு தனக்கு வேண்டிய உள்ளீடுகள் யாவும் வந்து சேர்ந்தபின்னரே இயங்கும். இணைப்பின் நிறமே அதன்வழிச் செல்லும் தரவின் இனத்தைக் காட்டும். முழுவெண்ணுக்கு நீலமும், மெய் பொய் என்னும் இரண்டனுள் ஒன்றுக்குப் பச்சையும் உரியன.

1995இல் யாவாஸ்கிறிப்ற் மொழி தோன்றியபின், இணைய மேலோடி வெறும் வாசிப்புக் கருவி என்னும் நிலையினின்று வளர்ந்தது. 2013இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஓலியறி, டேவ் கொன்வே யோன்ஸ் என்னும் இருவர், கருவிகளுக்கிடையே செல்லுஞ் செய்திகளின் வழிகளைத் திரையிற் காட்டவும் மாற்றவும் நோட்-றெட் என்னுந் திருத்தியை ஆக்கினர். அவ்வாண்டிலேயே அது யாவர்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது. வெப்பநிலையை அளக்குங் கணு ஒன்று, அளவு 40 பாகையைக் கடந்ததோ என ஒப்பிடுங் கணு ஒன்று, எச்சரிக்கை அனுப்புங் கணு ஒன்று: இம்மூன்றையும் கோடுகளால் இணைத்துவிட்டால் ஒரு காவலமைப்பு உருவாகிவிடும். கணுக்களின் பெயர்களும் இணைப்புகளும் எழுத்து வடிவிற் சேமிக்கப்படுகின்றன. ஒரு பெட்டி திரையில் எங்கே நிற்கின்றது என்பதும் அங்கே குறிக்கப்படுமாயினும், செய்தியின் போக்கை அது மாற்றுவதில்லை. ஒயிலர் பாலங்களிற் கண்ட உண்மை இங்கும் நிலைபெறுகின்றது.

இத்திருத்திகளின் தனிச்சிறப்பு, அவற்றை ஒவ்வொருவரும் தம் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம் என்பதாகும். நோட்-றெட்டிற் புதிய கணுவொன்றைச் சேர்க்க விரும்புவோர் இரண்டு கோப்புகளை எழுதுவர்; ஒன்று அக்கணு செய்யுந் தொழிலைக் கூறும், மற்றது திருத்தியில் அது தோன்றும் வகையைக் கூறும். வேறு சில திருத்திகளில், எவ்வினக் கணுக்கள் உண்டு, அவற்றின் வாய்கள் எவ்வினத் தரவை ஏற்கும் என்பவற்றை அமைப்போர் முன்னரே வரையறுத்துவிடுவர். எண்ணை வேண்டும் வாயிற் சொல்லை இணைக்க முயன்றால் திருத்தி மறுத்துவிடும்.

பயன்படுத்துவோர்க்கு இது பெருநன்மையே. செய்நிரல் மொழி கல்லாதவரும் தம் கருத்தைத் தாமே செயற்படுத்துதற்கு வழி பிறந்துள்ளது. ஆயினும், பெட்டியினுள் நிகழ்வது யாது என்பதை அதனை ஆக்கியவரே அறிவர். எப்பெட்டிகளைத் தருவது, எவற்றை விலக்குவது என்பதும் அவர் தீர்மானமே. தரப்படாத பெட்டியைப் பயன்படுத்துவோர் நினைத்தும் பாரார். முன்னாளிற் பிழையான படம் காகிதத்தோடு நின்றது; இந்நாளிற் பிழையான படம் அக்கணமே செயலாகிவிடுகின்றது. பெட்டிகள் நூற்றுக்கணக்கிற் பெருகிக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுமிடத்து, படத்தின் தெளிவும் மறைந்துவிடும். பெட்டி நிற்குமிடம் பொறிக்குப் பொருட்டன்றேனும் படிப்போர்க்குப் பெரிதும் பொருட்டாதலின், ஒழுங்காக வரைதல் வரைவோரின் கடமையாகின்றது.

ஆகவே, இக்கருவி சிந்திக்கும் உழைப்பை நீக்கிவிட்டதென எண்ணுதல் தவறு. அவ்வுழைப்பின் ஒரு பங்கு கணுவை ஆக்குவோரிடமும், மறுபங்கு கணுக்களை இணைப்போரிடமும் பிரிந்து நிற்கின்றது. இத்திருத்திகளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், முதற்கண் காகிதத்திற் கையால் வரையவும், பின்னர் ஒரு கணுவையேனும் தாமே ஆக்கவும் அவர்களைப் பழக்குவாராக. பெட்டியின் உள்ளே புகுந்து பார்த்த மாணவனே, பிறர் தந்த பெட்டிகளையும் அளவறிந்து நம்புவான்.