கையுறை வந்த வரலாறு

ரண சிகிச்சை செய்யும் டாக்டர் ரப்பர் கையுறை அணிவது நோயாளியைக் கிருமிகளினின்று காக்கவே என நாம் அறிவோம். ஆனால் அவ்வுறை முதலில் தோன்றியது நோயாளியின் பொருட்டன்று. மருந்தினால் புண்பட்ட ஒரு தாதியின் கைகளின் பொருட்டேயாம்.

கார்பாலிக் அமிலத்தின் பயனை லிஸ்டர் 1867இல் வெளியிட்டபின், கிருமிநாசினியில் கைகளைத் தோய்த்தெடுப்பது வழக்கமாயிற்று. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பெற்றது. அங்கு டாக்டர் ஹால்ஸ்டெட் கையாண்டது பாதரசக் குளோரைடு. நம் சித்த வைத்தியர்கள் வீரம் என்று கூறும் கடுநஞ்சு அது. கிருமியைக் கொன்ற அந்நீர் தோலையும் விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டின் குளிர்காலத்தில், தலைமைத் தாதி கரோலின் ஹாம்ப்டன் அம்மையாரின் கைகளில் தோல் அழற்சி கண்டது. திறமைமிக்க அவருக்காக, மெல்லிய கையுறை இரண்டு ஜோடியை குட்இயர் ரப்பர் கம்பெனியாரைக் கொண்டு ஹால்ஸ்டெட் செய்வித்தார். 1890 ஜூனில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அக்கதையைப் பலரும் சுவைபடக் கூறுவர்.

நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. கருவிகளை எடுத்துக் கொடுத்தோர் கையுறை அணிந்தனர்; கத்தி பிடித்தவரோ பல ஆண்டுகள் எப்போதேனும்தான் அணிந்தார்! பிளட்குட் என்ற டாக்டர் அறுவைதோறும் அணியலானார். குடலிறக்க அறுவைகளில் சீழ்ப்பிடிப்பு வெகுவாகக் குறைந்ததை 1899இல் எழுதிக் காட்டினார். அத்தனை காலம் கண்ணிருந்தும் காணாதிருந்தோமே என ஹால்ஸ்டெட்டே பின்னாளில் வியந்தெழுதினார். இடைக்காலத்தில் அதன் விலையைத் தந்தவர்கள் நோயாளிகளே.

1980களில் ரப்பர்ப் பாலே டாக்டர், தாதியர் பலருக்கு ஒவ்வாமை தரலாயிற்று. வேறு பொருள்களாற் செய்த கையுறைகள் அதன்பின் பெருகின.