ஆதுலர் சாலையில் படுத்தவர்கள் யார்?

மருத்துவமனை என்ற சொல்லைப் பிரித்தால் மருத்துவமும் மனையும் கிடைக்கும். நோயாளி அதில் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆதுலர் சாலையைப் பிரித்தால் ஆதுலர் இருக்கிறார், வைத்தியர் இல்லை. ஆதுரர் என்னும் வடசொல் நோயுற்றவரைக் குறிக்கும். தமிழுக்கு வந்தபோது ரகரம் லகரமாயிற்று. பொருளும் சற்று நகர்ந்தது. ஆதுலர் என்பதற்கு நோயாளர் என்று சொல்லும் தமிழ் அகராதி அதோடு நிற்காமல் வறியவர் என்றும் பொருள் தருகிறது. 32 அறங்களை அடுக்கும் மரபுப் பட்டியலில் ஆதுலர் சாலை முதலிடத்தில் நிற்கிறது. நோயாளி எப்படி வறியவரானார்? அது தருமம், தருமம் ஏழைக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த விடை எனக்குப் போதவில்லை. நோய் கண்டபோது பக்கத்தில் இருந்து பார்க்க வீட்டு ஆள் இல்லாதவரே முதலில் ஆதுலராக இருந்திருக்க வேண்டும். வறுமை அவரைப் பின்தொடர்ந்து வந்த பொருள்.

இதற்கு நல்ல சான்று திருமுக்கூடலில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த ஊரின் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையின் வரவு செலவைச் சொல்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர். மருத்துவம் அறிந்தவர்கள் என்று எண்ணினால் இவ்வளவுதான். மற்றவர்கள் யார் என்று பாருங்கள்: மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். படுத்திருப்பவருக்கு நாள்தோறும் நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு. இருப்பில் வைக்க வேண்டிய தைலங்களும் கிருதங்கள் என்னும் மருந்து நெய்களும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருப்பது உண்மை. அது மருத்துவ வரலாற்றுக்காரர்களுக்கு விருந்து. ஆனால் சோறு, விறகு, தண்ணீர், விளக்கு, துணைக்குப் பெண்கள் என்று மற்றதெல்லாம் ஒரு குடும்பம் தன் நோயாளிக்குச் செய்யும் காரியங்கள். அதே கோயிலில் வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பள்ளியும், மாணவர் தங்கும் விடுதியும் இருந்தன. சாலை யாருக்கு என்பதும் இங்கேதான் தெளிவாகிறது: அந்த மாணவருக்கும் கோயிற் பணியாளருக்கும்.

மறுப்பு ஒன்று உடனே எழும். கோயிற் பணியாளர் உள்ளூர்க்காரராகவும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு வீடு இல்லையா? இருந்திருக்கும். அவர்களை வைத்துப் பார்த்தால் இந்தச் சாலை ஒரு நிறுவனம் தன் ஆட்களுக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னாலும் ஏழைக்கான தருமம் என்ற விளக்கம் வலுப்பெறவில்லை, மாறாக, மெலிகிறது. வேதம் படிக்க வந்து விடுதியில் தங்கிய பையனைப் பிச்சைக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவனிடம் இல்லாதது காசு என்பதைவிட, பக்கத்தில் ஒரு தாய். வீடு உள்ளவரைத் தேடி வைத்தியரே வந்தார். பிரசவத்துக்கு மருத்துவச்சி வந்தாள். இருபதாம் நூற்றாண்டு வரையில்கூட வசதியான குடும்பங்களில் பிள்ளைப்பேறு வீட்டில்தான் நடந்தது.

சென்னையின் கதையும் இதே தடத்தில் போகிறது. ஆங்கிலேயர் 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கிய மருத்துவமனை கம்பெனிப் படைவீரர்களுக்கானது. கடல் கடந்து வந்து, நோயில் விழுந்தால் பார்க்க ஆளற்றுக் கிடந்தவர்கள். இன்றைய அரசு பொது மருத்துவமனையின் தொடக்கம் அது. வடசென்னையில் 1782 பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றுவதற்காக மணியக்காரர் சத்திரம் எழுந்தது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் உள்ளூர் மக்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு இரண்டும் ஒன்றாயின. அந்த இடம்தான் 1930களில் ஆளுநர் பெயரால் ஸ்டான்லி ஆயிற்று. அரசு வைத்த பெயர் அதுவாக இருக்க, வட்டார மக்கள் வாயில் அது நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. பெயரில் கொஞ்சம் இளக்காரம் உண்டுதான்; ஆனால் சத்திரமும் சிகிச்சையும் ஒரே முற்றத்தில் வளர்ந்ததை ஆளுநர் பெயர் சொல்லவில்லை, இது சொல்லிற்று. ஆஸ்பத்திரி என்ற சொல்லும் இந்த உறவுக்குப் புறம்பானதல்ல. ஐரோப்பிய மூலத்துக்குப் பின்னே நிற்கும் லத்தீன் வேர் விருந்தினரைக் குறிப்பது. ஓட்டலும் ஹாஸ்டலும் அதன் உடன்பிறப்புகள். தர்மாஸ்பத்திரி என்று நம்மவர் முன்னொட்டுச் சேர்த்தபோது வறியவர் என்ற பொருள் மேலே ஏறிக்கொண்டது.

ஆதுலர் சாலையை மீட்டுக்கொண்டுவர வேண்டும் என்பதல்ல என் வாதம். சாலை என்றால் இன்று தார் போட்ட சாலைதான். ஆதுலர் சாலை எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் எந்த நிறுத்தம் என்பார். இலங்கைத் தமிழில் போதனா வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை என்று சாலை பிழைத்திருந்தாலும், அங்கும் ஆதுலர் இருந்த இடத்தில் வைத்தியம் உட்கார்ந்துவிட்டது. இந்தப் பெயர் மாற்றத்தில் நியாயம் உண்டு. மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் ரத்த வங்கியும் வந்த பிறகு, எந்தச் செல்வந்தர் வீட்டிலும் கிடைக்காத ஒன்று மருத்துவமனையில் கிடைத்தது. ஆள் இல்லாதவர் போகும் இடம், ஆள் உள்ளவரும் போயே தீர வேண்டிய இடமாயிற்று. உள்நோயாளி, புறநோயாளி என்ற பிரிவும் அந்த மாற்றத்தின் கணக்குத்தான்: சீட்டு வாங்கி, மருந்து வாங்கி, மாலைக்குள் வீடு திரும்பும் புறநோயாளிக்கு ஆதுலர் என்ற சொல் ஒட்டாது.

மாற்றத்தின் விலையைப் படுக்கைப் பிரிவில் பார்க்கலாம். இன்று ஒருவரை அட்மிட் செய்யப் போனால் வரும் முதல் கேள்விகளில் ஒன்று: கூட யார் இருக்கிறீர்கள்? அந்த ஆளுக்கு அட்டெண்டர் என்று பெயர். கையில் ஒரு பாஸ். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, சக்கர நாற்காலி தேடுவது, ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது, கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துப்போவது, வெளியே ஓடி மருந்து வாங்கி வருவது எனப் பல இடங்களில் பாதி வேலை அந்த உறவினர் தலையில்தான். திருமுக்கூடல் இந்த மாதிரி வேலைக்குச் சம்பள நெல் அளந்தது. துணைக்கு ஆளில்லாமல் வருகிறவருக்குச் சேர்க்கைப் படிவத்தில் துணையாளர் பெயருக்கான கட்டத்தை நிரப்புவதே முதல் சிக்கல்.