குளிர்பெட்டியில் இருந்தவை

திருமழபாடியில் அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் தோசை மாவுக்குப் பக்கத்தில் இன்சுலின் குப்பி இருக்கும். இன்சுலின் ஒரு புரதம். வெயில் பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கரண்ட் போய்விட்டால் கதவைத் திறக்க யாரையும் விடமாட்டார். வைத்தியநாதர் குடியிருக்கும் ஊரிலும் மருந்தைக் காப்பது அம்மாவின் வேலைதான். எனக்கு அப்போதெல்லாம் செல்லப்பன் நிர்மலாவின் நினைவு வரும்.

1985 இறுதியில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி, வயது 32. பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் எய்ட்ஸ் ஆய்வில் இறங்கினார். பாலியல் தொழிலுக்காகக் கைதாகி அரசு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை எடுத்தார். கையுறைகூட இல்லை. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார்.

ரத்தத்தை அப்படியே வைத்தால் செல்கள் உடைந்து கலங்கிவிடும். உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரிக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டிய எதிர்ப்புரதம் அதில் மிகச் சொற்பம். வெறும் நீர்க்கரைசலில் அவ்வளவு சொற்பமாக இருந்தால் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். அதனால்தான் நீர்த்த மாதிரிகளில் ஆய்வகத்தார் அல்புமின் சேர்க்கிறார்கள். சீரத்தில் அல்புமின் இயல்பாகவே நிறைய உண்டு, அது காப்பாற்றும். ஆனாலும் குளிர் வேண்டும். உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைப்பதும் ஆகாது.

கடன் வாங்கிய கருவிகளோடு ஒரு சின்ன ஆய்வகம் அமைத்து இரு பெண்களும் சீரத்தைப் பிரித்தார்கள். சேமிக்க வேறு இடமில்லாததால் நிர்மலா தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். அறிவியல் வரலாறு இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. எனக்கு அது துணுக்கு அல்ல. கெடாமல் வைத்திருப்பதும் ஆய்வுதான்.

1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி, அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. எலைசா சோதனை நடுவே கரண்ட் போனது. தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. அதுதான்.

எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சீரத்துக்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைத்திருக்கலாம் என்று நிர்மலாவின் மேல் மதிப்பு வைத்துக்கொண்டேதான் சொல்கிறேன். முடிவை உறுதிசெய்யப் புதிய ரத்தம் தேவைப்பட்டது. மறுபடியும் அதே இல்லத்துக்குப் போனார்கள். அந்த ஆறு பேரும் மறுபடியும் கையை நீட்டினார்கள்.