யாரும் தொடாத பொத்தான்

1970 ஆகஸ்ட் 5 மாலை. நியூயார்க்கில் 'ஒன் நியூயார்க் பிளாசா' என்ற 50 மாடிக் கட்டடத்தின் 33-வது மாடியில் தீப்பிடித்தது. மேலே போய்க்கொண்டிருந்த ஒரு லிஃப்ட் அந்தத் தளத்தில் போய் நின்றது. உள்ளே இருந்தவர்களில் இருவர் இறந்துபோனார்கள். அந்த மாடியின் அழைப்புப் பொத்தானைத் தீயின் வெப்பமே இயக்கிவிட்டது என்று பிறகு காரணம் சொல்லப்பட்டது.

எங்கள் பட்டறைக்கு டச் சர்க்யூட் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். டேட்டாஷீட்டெல்லாம் அப்புறம்.

அந்தக் காலத்து லிஃப்டுகளின் தொடு பொத்தானுக்குள் வாயு நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழல் இருக்கும். பற்றிக்கொள்ளச் சற்றே குறைவான மின்னழுத்தத்தில் அதைத் தயாராக வைத்திருப்பார்கள். விரல் பட்டால் உடம்பு வழியே தரைக்குத் துளி மின்னோட்டம் கசியும், குழல் ஒளிரும். அழைப்பு பதிவாகிவிட்டது என்பதற்கு அந்த வெளிச்சமே அடையாளம். அழுத்த வேண்டாம், தேய்வதற்கு ஸ்பிரிங்கும் இல்லை. 1950-களில் அதைப் பார்த்து மயங்காத கட்டடக்காரர் இருந்திருக்க மாட்டார். ஆனால் விளிம்பில் நிற்கும் குழலுக்குத் தன்னைத் தள்ளியது விரலா, வெப்பமா, ஈரமா என்று பிரித்தறிய வழியில்லை. 1973-ல் நியூயார்க் நகரம் உயர்ந்த கட்டடங்களின் தீப்பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தீ என்றால் லிஃப்ட் எந்தப் பொத்தானையும் மதிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும் என்ற ஏற்பாடு லிஃப்ட் விதிகளில் ஏறியதும் அந்தச் சமயத்தில்தான்.

பொத்தானைத் திருத்த முடியாதபோது லிஃப்டைத் திருத்தினார்கள். சரியான முடிவுதான். ஆனாலும் பொத்தானின் குறை அப்படியே இருந்தது.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் இந்தக் குறையைக் காதால் கேட்டிருக்கிறார். 1920-ல் பெத்ரோகிராத் நகரில் லெவ் தெர்மென் என்ற இளம் இயற்பியலாளர் வாயுக்களின் மின்பண்பை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். அளவு மாறினால் ஹெட்போனில் ஒலியின் சுருதி மாறும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் மாறியது. அளவெடுப்பவருக்கு அது வெறும் தொல்லை. தெர்மெனோ செல்லோ வாசிக்கப் பழகியவர். அந்தத் தொல்லையையே தொடாமல் வாசிக்கும் தெரமின் வாத்தியமாக்கினார். ஆள் நெருங்கினால் அலறும் திருட்டு அலாரமும் அதே தத்துவத்திலிருந்து வந்தது. 1922-ல் லெனினுக்கு இரண்டையும் காட்டினார்.

இந்த இரட்டைப் பிறப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வாத்தியம் அறையின் ஈரத்தாலும் சூட்டாலும் சுருதி விலகினால், வாசிப்பவர் உடனே சரிசெய்துகொள்வார். அலாரத்துக்குக் காது கிடையாது. டச் சர்க்யூட்டின் மீதி வரலாறு முழுக்க அந்தக் காதைப் பொருத்திய கதைதான்.

1965-ல் இங்கிலாந்தின் மால்வர்னில், ராயல் ரேடார் எஸ்டாப்ளிஷ்மென்டில் இருந்த ஈ. ஏ. ஜான்சன், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்கான தொடுதிரையைப் பற்றி எழுதினார். 1970-களில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பென்ட் ஸ்டம்பே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய செம்புக் கோடுகளைக் கண்ணாடியில் பதித்து, 16 பொத்தான் கொண்ட திரை செய்தார். இரண்டும் பயிற்சி பெற்றவர்கள் உலர்ந்த விரலோடு உட்காரும் அறைகளுக்கானவை. சமையலறைக்குள் நுழைந்தபோதுதான் இந்தச் சர்க்யூட்டுக்கு உண்மையான பரீட்சை.

அந்தப் பரீட்சைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஹால் பிலிப். 1990-களில் அவருடைய குவாண்டம் ரிசர்ச் நிறுவனத்தின் சிப்புகள், தொடுதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மின்னூட்டம் ஏற்றி, அதை இன்னொரு பெரிய கெப்பாசிட்டருக்குக் கொட்டி, எத்தனை தடவையில் நிரம்புகிறது என்று எண்ணின. அந்த எண்ணிக்கையை வைத்து அவர்கள் செய்த காரியம் இன்னும் பெரிது. மழையும் வெயிலும் மெல்ல மாற்றும். விரல் சட்டென்று மாற்றும். அதனால் சிப் தன் அடிப்படை அளவை மெதுவான மாற்றத்தோடு நகர்த்திக்கொண்டே போகும், சட்டென்று வருவதை மட்டும் தொடுகையாகக் கொள்ளும். அதுவும் தொடர்ந்து சில முறை உறுதியானால்தான். பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள் ஒன்றாக ஏறினால் பலமானது எதுவோ அதற்கே மதிப்பு.

இண்டக்‌ஷன் அடுப்பில் பால் பொங்கும்போது இதை நேரில் பார்க்கலாம். என் மேசையில் ஒரு பேனலைக் கணினியோடு இணைத்து எண்களை ஓடவிட்டிருக்கிறேன். விரல் வைத்தால் ஒரு பொத்தானின் எண் மட்டும் எழும், பக்கத்தில் இருப்பது லேசாக அசையும். பாலை ஊற்றினால் ஆடை விரிவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எல்லா எண்ணும் எழுந்து, இறங்காமல் அங்கேயே நிற்கும். நல்ல ஃபர்ம்வேர் அந்த வடிவத்தைக் கண்டுகொண்டு எல்லாப் பொத்தானையும் பூட்டி, பீப் அடித்து அடுப்பை அணைத்துவிடும். மோசமான ஃபர்ம்வேர் பவரைக் கூட்டிவிடும்.

செல்போன் காலத்தில் தொல்லை சார்ஜர் வழியாக வந்தது. மலிவான சார்ஜரின் ஸ்விட்சிங் இரைச்சல் போனின் கிரவுண்டையே ஆட்டும். தரையோடு தொடர்புள்ள விரல் அருகில் வந்ததும் அந்த ஆட்டம் திரையில் தொடுகைகளாகச் சிதறும். இந்த வகை இரைச்சலுக்கான சர்வதேசச் சோதனை 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 80 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. பல டச் சிப்புகள் வேலை செய்யும் அலைவரிசை அதற்குள்தான் அடங்குகிறது. சத்தமில்லாத அலைவரிசைக்குத் தாவிக்கொள்ளும் சிப்புகள் அதனால்தான் வந்தன.

தானாக டச் ஆகிறது என்று ஒரு போர்டு வந்தால், முதலில் அதைப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். நின்றுவிட்டால் குற்றம் பவர் சப்ளையில். நிற்காவிட்டால் கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறதா, தட்டிலிருந்து சிப்புக்கு ஓடும் தடம் ரிலே பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் நேரே உணர்திறனைக் குறைக்கத்தான் கைவைப்பார்கள். அதை நான் விடுவதில்லை. குறைத்தால் பொய்த் தொடுகை நிற்கும்; கூடவே வயதாகி விரல் காய்ந்துபோன ஒரு பாட்டிக்கு அடுப்பு பற்றாது.